அறுபது தாண்டிய அப்பாவோடு ஹோட்டன் சமவெளியைச் சுற்றி நடக்க முடியுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து வயதான அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் நடந்து முடிப்பாரா, விலங்குகள் கண்ணில் படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா 63 வயதில் நடந்தார். தாராளமாகப் போகலாம்.

மலை என்றால் எங்களுக்குக் கீரிமலைதான். அதன் உயரம் 50 அடி அளவு. மலைநாட்டுத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளி ஏறக்குறைய 2,100 மீற்றர். அவ்வளவு உயரமும் வாகனமே ஏற்றிவிடும், அதனால் பயப்பட வேண்டாம். நடை சுமார் 9 கிலோமீற்றர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவீர்கள். புல்வெளிப் பகுதி சுலபம். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம்தான் முழங்காலைச் சோதிக்கும்: செங்குத்து, ஈரக் கல், குறுக்கே வேர்கள். அப்பா தடி ஊன்றி, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்கினார். செருப்போடு போகவே வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். எங்களுக்கு நாலரை மணி நேரம் பிடித்தது.

முதலில் ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போங்கள். 800 மீற்றருக்கு மேல் ஆழமான அந்தப் பள்ளத்தை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி மறைத்துவிடும். முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டால் நல்லது. குளிர் கடுமையாக இருக்கும், அப்பாவுக்குக் காதை மூடத் தொப்பி எடுங்கள். பொலித்தீன் எதையும் வாசலில் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.

மரைகளை, அதாவது அந்தப் பெரிய மான்களை, தேட வேண்டியதே இல்லை, தொடக்கத்திலேயே வாகனங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். தயவுசெய்து பிஸ்கற் கொடுக்காதீர்கள். ஆட்கள் கொடுத்துப் பழக்கியதால் அவை பொலித்தீனையும் விழுங்கிச் செத்திருக்கின்றன. சிறுத்தையும் இருக்கிறது, பகலில் காண்பது அரிது.

எனக்கு மறக்காதது வேறு. அப்பா உரும்பிராயில் புகையிலை செய்தவர், இலைக்கு இலை புழுப் பார்த்துப் பழகிய கண். பாசி படர்ந்த கிளையில் ஆடாமல் அசையாமல் இருந்த கொம்பு ஓணானை அவர்தான் கண்டார். மூக்கு நுனியில் சின்ன வெள்ளைக் கொம்பு. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. எங்களை முந்திப் போன இளைஞர் கூட்டம் அந்தக் கிளையைத் தாண்டித்தான் போயிருந்தது. அப்பா மூச்சு வாங்க நின்ற இடம் அது.