கூவுகிறவருக்குக் கண்தான் முக்கியம்

கேள்வி: பொருட்காட்சிக்குப் போனால் காது கிழிகிறது, எந்த ஸ்டாலைப் பார்த்தாலும் ரெக்கார்டு செய்த குரல்தான். முன்பு மைக் பிடித்து ஆட்கள் கூவியபோது இவ்வளவு எரிச்சல் வந்ததில்லையே, ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர்கள் உங்களைப் பார்த்துக் கூவினார்கள், அதனால்தான். மதுரை தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடந்தபோது மரணக் கிணறு பக்கம் போயிருக்கிறீர்களா? வாசல் மேடையில் ஒருவர் பைக்கை உருளை மேல் ஏற்றி முறுக்கிக்கொண்டே இருப்பார். கூவுகிறவர் அந்தச் சத்தத்தோடு போட்டி போடமாட்டார், அது அடங்குகிற ரெண்டு நொடிக்குக் காத்திருந்து, கூட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கிற ஒரு குழந்தையைப் பிடித்துக்கொள்வார்: "அண்ணே, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மேல வாங்க, மேல வந்தாத்தான் தெரியும்!" அப்புறம் அந்த அப்பாவால் நகர முடியுமா? அவர் நின்றால் பின்னால் வருகிற நாலு பேரும் நிற்பார்கள். "இதோ ஆரம்பிக்கப் போகுது" என்பதில் பாதிதான் உண்மை. பத்துப் பேர் பார்த்தாலும் இருநூறு பேர் பார்த்தாலும் பெட்ரோல் செலவு ஒன்றுதான், அதனால் கூட்டம் சேருகிறவரை பேச்சை இழுக்க வேண்டும், சேர்ந்தவர்கள் சலித்துப்போய்க் கலைவதற்குள் உள்ளே அனுப்பிவிடவும் வேண்டும். அந்த நேரத்தைக் கணிப்பதுதான் வித்தை, தொண்டை அதற்கு அப்புறம்தான். ரெக்கார்டுக்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு ஆளுக்கான கூலியை மிச்சம் பிடிக்க இப்படிப்பட்ட திறமையைத் தொலைக்கிறோம் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் கண்காட்சி. இரவு எத்தனை மணி வரை ஸ்பீக்கர் வைக்கலாம்?
– வாசகர், கரூர்

பதில்: 10 மணி வரை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா, பண்டிகைக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்கு மொத்தம் 15 நாட்களுக்குள்தான். பகலில் வைப்பதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மீறினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள், எந்த ஸ்டால், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். பொதுவாக 'சத்தம்' என்று எழுதினால் முதலில் வாய் அடைக்கப்படுவது வாசலில் மைக்கோடு நிற்கிற ஆள்தான், பின்னால் ஓடுகிற ரெக்கார்டு இல்லை.