ஆரி வொர்க் பிளவுஸ், கல் வைத்த லெஹங்கா இவற்றை வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். பக்கெட் தண்ணீரில் முக்கக் கூடாது, அந்த ஒரு கட்டுப்பாட்டோடு வீட்டிலேயே நன்றாகச் செய்யலாம்.

தங்கை ரிசப்ஷனுக்குப் போட்ட ரா சில்க் ஆரி பிளவுஸில் அக்குள் பக்கம் வியர்வைக் கறை, கழுத்தோரம் மேக்கப், நெட் லெஹங்காவின் ஓரத்தில் சேறு, ஒரு மாதமாக அப்படியே பீரோவில் கிடக்கிறது, ட்ரை கிளீனிங் கொடுக்கவும் பயம், துவைக்கவும் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திருச்சியில் வீட்டிலேயே ஆரி ஸ்டாண்டு போட்டு ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். தைத்துக் கொடுத்த பிளவுஸ்களே பழுது பார்க்கத் திரும்பி வரும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த மாதிரித் துணியை எடுத்ததும் எல்லாரும் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கல் மங்கிவிட்டதா, முத்து உதிர்ந்திருக்கிறதா என்று. கல்லும் மணியும் ஜமிக்கியும் கண்ணாடி, பிளாஸ்டிக். அவற்றுக்குள் அழுக்கு ஊறாது, மேலே தூசி படியும், அவ்வளவுதான். வியர்வை, சென்ட், பவுடர் எல்லாம் ஊறிக் கிடப்பது லைனிங் துணியில். அதனால் என் கை எப்போதும் முதலில் உள்பக்கத்துக்குத்தான் போகும். உள்பக்கத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்தாலே பிளவுஸில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

வியர்வையைச் சும்மா விடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டு என்பது நம் தலைமுடி மாதிரி புரதத்தால் ஆன நார். வியர்வையின் உப்பு அதில் காய்ந்து கிடந்தால் சாயம் மாறும், நூலும் நைந்துபோகும். மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்க, அக்குளில் மட்டும் வெடித்துப்போன பட்டு ரவிக்கை ஒன்று அம்மா பெட்டியில் நிச்சயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். மண்டபத்திலிருந்து வந்த அசதியில் பிளவுஸைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிடுகிறோம். கழற்றிய உடனே உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஃபேனுக்குக் கீழே இரவு முழுக்க விரித்துப் போட்டாலே பாதிக் கறை விழாது.

இனி செய்முறை. முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். உள்தையலில் மடித்துவிட்டிருக்கும் துணியில், ஈரமாக்கிய இயர்பட்ஸை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியில் ஈரம் படவே கூடாது. அரக்கு, ராணி பிங்க், பாட்டில் பச்சை போன்ற அடர்நிற ரா சில்க்கில் கூடுதல் கவனம் வேண்டும். இன்னொன்றும் பாருங்கள். ஆரி வேலைக்கு முன்னால் டிசைனை ஊசியால் குத்திய டிரேசிங் தாளை வைத்து, நீலப் பொடியையோ வெள்ளைப் பொடியையோ மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத்தான் துணியில் அச்சு எடுப்போம். அந்த அச்சு சில பிளவுஸ்களில் மணிகளுக்கு அடியில் மிச்சம் இருக்கும். தண்ணீரில் முக்கினால் அது கலங்கிப் பரவும். கழுத்துக்கு ஒட்டியிருக்கும் கேன்வாஸும் நனைந்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். லைனிங் ஒரு அளவு சுருங்கும், பட்டு வேறு அளவு சுருங்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்து பிளவுஸே கோணிக்கொள்ளும். முக்காதீர்கள் என்று சொல்வது இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் மணி மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். அதில் ஈஸி மாதிரி கம்பளித் துணிக்கான லிக்விட் அரை டீஸ்பூன் விட்டு நன்றாக அடித்தால் நுரை வரும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் நல்லதுதான், பாட்டி காலத்திலிருந்து பட்டுக்கு அதுதானே. வெளிர் நிறத்துக்கு மட்டும் நான் அதைப் போடுவதில்லை, அதன் பழுப்பு ஏறிவிடும். சாதாரண சலவைத்தூள், சோப்புக்கட்டி எதுவும் வேண்டாம், அவற்றின் காரம் பட்டுக்கு ஆகாது. ப்ளீச்சிங் பக்கமே போகாதீர்கள், அது பட்டு நாரையே கரைத்துவிடும்.

பிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். லைனிங்குக்கும் பட்டுக்கும் நடுவில் கை போகிற இடம் இருந்தால் நான்காக மடித்த வெள்ளைத் துண்டை அங்கே செருகுங்கள். ஈரம் பட்டுக்குப் போகாமல் அதுதான் குடித்துக்கொள்ளும். தண்ணீரை விட்டுவிட்டு மேலே நிற்கும் நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் அள்ளி, கறை பட்ட இடத்தில் வைத்து ஒத்துங்கள். தேய்க்க வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சலில் நெற்றியில் துணி வைப்போமே, அந்த அழுத்தம் போதும். பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நான்கு தடவை ஒத்தி நுரையை எடுத்துவிடுங்கள். பிறகு காய்ந்த துண்டால் அழுத்துங்கள். லைனிங் பட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் ஈரம் கொஞ்சம் பட்டுக்கும் வரத்தான் செய்யும். ஈரம் நின்ற எல்லையில் பட்டில் ஒரு கோடு விழும். அதைத் தடுக்க, கடைசியில் ஏறக்குறைய காய்ந்த துணியால் கறையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நீவிவிடுங்கள், எல்லை மங்கி மறைந்துவிடும். ஹேங்கரில் மாட்டாமல் துண்டின் மேல் படுக்கையாக விரித்து நிழலில் காயவிடுங்கள்.

வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரே வேண்டாம். மேக்கப் போடும் மெல்லிய பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிகளுக்கு இடையில் இருக்கும் தூசியை அதனால் தட்டினாலே போதும். டூத் பிரஷ் வேண்டவே வேண்டாம். சர்தோசி என்று நாங்கள் கோர்ப்பது உண்மையில் ஸ்பிரிங் போலச் சுற்றிய மெல்லிய கம்பி. பிரஷ் முடி ஒன்று அதில் மாட்டி இழுத்தால் சுருள் நீண்டுவிடும். நீண்ட சுருளைத் திரும்பச் சுருட்ட எந்தக் கைக்கும் முடியாது, வெட்டிவிட்டுப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். கறுத்துப்போன ஜரிகையில் விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன் மேல் மிக மெல்லியதாகத் தங்கம் பூசியது. தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போய்விடும். சென்ட்டைக் கூட உடம்பில் அடித்து, அது காய்ந்த பிறகு பிளவுஸ் போடுங்கள்.

ட்ரை கிளீனிங் பற்றி. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெயர்தான் உலர் சலவை, துணி நனையத்தான் செய்யும். தண்ணீருக்குப் பதில் பெட்ரோலிய வகைக் கரைப்பானிலோ பெர்குளோரோஎத்திலீனிலோ நனையும், டிரம்மில் சுற்றவும் செய்யும். வெறும் பட்டுப் புடவைக்கு அது மிகவும் நல்லது. பிளாஸ்டிக் முத்து, ஒட்டுக் கல், ஜமிக்கிக்கு அப்படி இல்லை. என் நாத்தனார் ரிசப்ஷன் பிளவுஸை நான்தான் போட்டுக் கொடுத்தேன், பதினொரு நாள் வேலை. ஒரு கடையில் கொடுத்து வாங்கிவிட்டு, "அண்ணி, முத்தெல்லாம் தோல் உரிஞ்ச மாதிரி வந்துருக்கு" என்று அழாக்குறையாக போனில் சொன்னாள். போய்ப் பார்த்தால் முத்தின் பளபளப்புப் பூச்சு மொத்தமும் கரைந்து, உள்ளே இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தெரிகிறது. ஒட்டிய குந்தன் கல்லில் ஏழு காணோம். வயிறு எரிந்தது. எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். கொடுப்பதானால் கையால் ஸ்பாட் கிளீனிங் மட்டும் செய்வார்களா, மெஷினில் போடுவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கண்ணாடி மணியா பிளாஸ்டிக் மணியா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். உதட்டில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும்.

கறைகளில் தனியாகச் சொல்ல வேண்டியது மஞ்சள். சாம்பார் சிந்தினாலும் சரி, மஞ்சள் பட்டாலும் சரி, பதறிப்போய்ச் சோப்பு போட்டால் கறை சிவந்துவிடும். மஞ்சளின் நிறமி காரம் பட்டால் சிவக்கும், குங்குமமே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே செய்கிறோம். குளிர்ந்த தண்ணீரால் ஒத்திவிட்டு, மேலே சொன்ன நுரையை வையுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சள் வெயிலில் வெளுக்கும். ஆனால் வெயில் பட்டின் நிறத்தையும் சேர்த்தே எடுக்கும், அதனால் வெள்ளை லைனிங்கில் மட்டும் இந்த வழி. கழுத்து மேக்கப்பும் நெய்க்கறையும் எண்ணெய் சமாச்சாரம். அதன் மேல் சோளமாவோ பேபி பவுடரோ தூவி ஒரு இரவு விட்டு, காலையில் பிரஷால் தட்டிவிடுங்கள். இரண்டு தடவை செய்தால் பெரும்பாலும் நுரையே தேவைப்படாது.

லெஹங்காவுக்கு வருகிறேன். சேறு நன்றாகக் காய்ந்துவிட்டதால் உங்களுக்குச் சுலபம். ஈரச் சேற்றைத் துடைத்தால் நெட்டின் கண்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததை விரல்களுக்கு நடுவில் மெதுவாகக் கசக்கி உதிர்த்து, பிரஷால் தட்டுங்கள். கீழே இருக்கும் கேன்கேனையும் (பாவாடை விரிந்து நிற்க உள்ளே வைக்கும் விறைப்பான நெட்) லைனிங்கையும் மட்டும் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு நுரை வைத்து ஒத்தினால் போதும்.

இஸ்திரியில்தான் கண்மூடித் திறப்பதற்குள் துணி பாழாகிறது. பிவிசி ஜமிக்கி 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். இஸ்திரிப் பெட்டியின் ஒரு புள்ளி சூடு என்பதே சுமார் 110 டிகிரி. பாலியஸ்டர் ஜரிகையும் சூட்டில் சுருண்டுகொள்ளும். வேலைப்பாடு கீழ்ப்பக்கம் வரும்படி தடித்த டர்க்கித் துண்டின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு காட்டன் துணி போட்டு, லைனிங் பக்கம் மட்டும் ஒரு புள்ளிச் சூட்டில் அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். ஒட்டுக் கல் உள்ள இடத்தில் நீராவியும் வேண்டாம், பசை இளகிவிடும்.

வைக்கும்போது வேலைப்பாடு உள்ளே போகும்படி மடித்து, கல்லோடு கல் உரசாமல் நடுவில் மல் துணி வைத்து, மொத்தத்தையும் பழைய காட்டன் வேட்டியில் சுற்றிவிடுங்கள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் ஈரம் அடைபட்டு நிற்கும். ஜரிகையோடு ரசகற்பூர உருண்டை வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து பீரோ மூலையில் போட்டால் போதும். லெஹங்காவை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், கல்லின் கனம் நெட்டை இழுத்து நீட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

எங்காவது ஒரு மணி தளர்ந்து நூல் நீட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இழுத்துப் பிய்க்காதீர்கள். ஆரி என்பது ஒரே நூலில் போகும் சங்கிலித் தையல். முடிச்சு விட்ட முனையை இழுத்தால், அம்மா பூ உதிர்க்கிற வேகத்தில் வரிசையே கழன்று வரும். சாதாரண ஊசியில் அந்த நூலைக் கோர்த்து உள்பக்கம் இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். நூல் ஊசியில் கோர்க்க முடியாத அளவு குட்டையாக இருந்தால் ஒரு செல்லோ டேப்பை மேலே ஒட்டி வைத்து, வேலை தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள்.

உங்கள் அக்குள் கறை ஒரு மாதம் பழசு. முதல் தடவையிலேயே முழுக்கப் போகாது, அதற்காக அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மறுபடி ஒத்துங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் லைனிங்கில் நிழல் மாதிரி தெரிந்தால், டெய்லரிடம் சொல்லி அக்குள் லைனிங்கை மட்டும் பிரித்துப் புதிதாக வைத்துவிடலாம், வெளி வேலைப்பாட்டைத் தொடாமலே. அப்படியே அங்கே பிரஸ் பட்டன் வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி ஸ்வெட் பேட் ஒரு ஜோடி தைத்துத் தரச் சொல்லுங்கள்.