வாசகர் கேள்வி–பதில்: பழைய டி.வி.யை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: படக்குழாய் வைத்த பழைய டி.வி. ஒன்று வீட்டில் கிடக்கிறது. தெருவில் வரும் ஆக்ரிக்காரர் (பழைய இரும்புச் சாமான் வாங்குபவர்) உடனே காசு எண்ணிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அனுமதி பெற்ற மறுசுழற்சித் தொழிற்சாலைக்காரர்களோ அதற்கு விலையே இல்லை என்கிறார்கள். ஏன் இப்படி?
– வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கலே தங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. ஆக்ரிக்கடையில் டி.வி.யின் பின்மூடியைக் கழற்றியதும், படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளைத்தான் முதலில் உருவுவார்கள். அவசரத்தில் கழுத்தை உடைத்தே எடுப்பதும் உண்டு. பிறகு கம்பி, ஸ்பீக்கர் காந்தம், சர்க்யூட் போர்டு ஆகியவை தனித்தனியே போகும். கம்பியின் உறையை உரிக்க நேரமில்லாவிட்டால் தீ வைத்துவிடுவார்கள், உறையில் உள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உண்டாகின்றன. மிஞ்சுவது கண்ணாடி. படக்குழாயின் புனல் போன்ற பின்பகுதியில் ஈயம் கலந்திருக்கிறது, பெரிய டி.வி.யாக இருந்தால் அது ஒரு கிலோவுக்கும் மேல் இருக்கும். புதிய படக்குழாய் செய்யும் தொழில் ஏறக்குறைய நின்றுபோனதால் அந்தக் கண்ணாடியை வாங்குவாரில்லை. ஆகவே அது ஏதாவது ஓடைக்கரையிலோ புறம்போக்கிலோ கொட்டப்படுகிறது.

அனுமதி பெற்ற தொழிற்சாலை அப்படிக் கொட்ட முடியாது. ஈயக் கண்ணாடியைப் பிரித்து, அபாயகரமான கழிவுகளுக்கென உள்ள இடத்துக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும். தூசி வடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது. ஆக்ரிக்கடையில் கூடுதலாகக் கிடைக்கும் தொகையில் பெரும்பகுதி, அங்கே செய்யப்படாமல் விடப்பட்ட இந்தச் செலவுதான். அதை ஓடைத் தண்ணீரும், கம்பி எரிக்கும் பையனின் நுரையீரலும் சுமக்கின்றன.

வீடு வீடாகச் சென்று கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மின் கழிவை விலை கொடுத்துப் பெறும் திட்டம் 2025இல் கேரளத்தின் நகரப் பகுதிகளில் தொடங்கியது. தங்கள் வீட்டுக்கு மாதந்தோறும் வரும் சேனை உறுப்பினரிடம் சொல்லி வையுங்கள். தொகை குறைவாக இருந்தாலும் அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தாதுவைவிடப் பழைய செல்போனில் தங்கம் அதிகம் என்கிறார்களே, அப்படியானால் இந்தத் தொழில் ஏன் தள்ளாடுகிறது?
– வாசகர், குப்பம், ஆந்திரம்

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். பழைய செல்போன்கள் ஒரு டன் சேர்ந்தால் அதில் 300 கிராம் அளவுக்குத் தங்கம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சுரங்கத் தாதுவிலோ டன்னுக்குச் சில கிராம்தான் தேறும். ஆனால் ஒரு டன்னுக்குச் சுமார் 10,000 செல்போன்கள் வேண்டும். அவையெல்லாம் வீட்டுக்கு ஒன்றிரண்டாக மேசை இழுப்பறைகளில் முடங்கிக் கிடக்கின்றன. 2022இல் உலகம் முழுவதும் உண்டான மின் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது.

சேகரித்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. செல்போனின் சர்க்யூட் போர்டில் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் பிளாஸ்டிக்கும் பின்னிக் கிடக்கின்றன. இவற்றைச் சிந்தாமல் சிதறாமல் பிரிக்கப் பெல்ஜியத்தின் ஹோபோகனில் இருப்பது போன்ற பெரிய உருக்காலை வேண்டும். நம் தொழிற்சாலைகள் பலவும் போர்டுகளைப் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதோடு நின்றுவிடுகின்றன. அத்தகைய உருக்காலைக்கு ஆண்டு முழுவதும் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் இங்கே சரக்கில் பெரும்பகுதி கொல்லைப்புறப் பட்டறைகளுக்குப் போய்விடுகிறது. அங்கே பிளாஸ்டிக் தொட்டியில் அமிலத்தை ஊற்றிப் போர்டை ஊறப்போட்டுத் தங்கத்தை மட்டும் ஓரளவு எடுத்துக்கொண்டு, மற்ற உலோகங்களை அமிலத்தோடு சாக்கடையில் விடுகிறார்கள். சயனைடு பயன்படுத்துவோரும் உண்டு. 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் கோலாரில் நிற்கும், சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மேடுகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்; காற்றடிக்கும்போது அந்தத் தூசியோடு வாழ்வது எப்படி என்பதைத் தங்கள் மாமனாரே சொல்வார்.

கேள்வி: அப்படியானால் பழைய இரும்புக்கடைகளையெல்லாம் மூடிவிட்டால் என்ன?
– வாசகர், குமுளி

பதில்: கூடாது. சந்து சந்தாகப் போய், பேரம் பேசி, ஒரு மிக்சியைக்கூட விடாமல் வாங்கி வரும் ஆற்றல் அவர்களுக்குத்தான் இருக்கிறது. எந்தத் தொழிற்சாலையின் வண்டியும் மலைப்பாதையில் அப்படி வராது. அவர்கள் வாங்கட்டும், ஆனால் உடைக்காமல், எரிக்காமல் அப்படியே தொழிற்சாலைக்கு விற்கும்படி செய்ய வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின் கழிவு விதிகள் தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் போன்றோரைத்தான் பதிவு செய்யச் சொல்கின்றன. சேகரிப்பவருக்கு அவற்றில் தனி இடம் இல்லை. இது பெரும் குறை என்றே கருதுகிறேன்.

பணம் வரக்கூடிய வழியும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. பொருளை விற்ற நிறுவனங்கள், முன்பு விற்றதில் குறிப்பிட்ட அளவுக்குச் சமமான கழிவை மறுசுழற்சி செய்வித்ததற்கான சான்றிதழை மறுசுழற்சியாளரிடம் வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதமாக இருந்த அந்த இலக்கு, 2027-28 முதல் 80 சதவீதமாகும். 2024இல் அரசு வீட்டு மின்சாதனங்களுக்குக் நிறுவனங்கள் மறுசுழற்சியாளருக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச விலையைக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று வைத்தபோது, பெரிய நிறுவனங்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. விற்கும்போது லாபம் பார்த்தவர்கள் அந்தப் பொருளின் முடிவுக்கும் செலவு செய்வதே நியாயம். அந்தத் தொகையில் ஒரு பங்கு இரும்புக்கடை வரை போய்ச் சேர்ந்தால், உடைக்காமல் விற்பது கடைக்காரருக்கும் கட்டுபடியாகும்.

கேள்வி: பழைய செல்போனைக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மூணாறு

பதில்: வேண்டிய படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, அமைப்புகளில் (செட்டிங்ஸ்) உள்ள, போனில் இருப்பதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டைச் செய்யுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். அத்தகைய போனை எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்து, வாங்க வருபவரிடம் பேட்டரி உப்பியிருப்பதைச் சொல்லிக் கொடுங்கள்.