‘நேற்று’ வந்தால் ‘ஹேவ்’ வராது

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2019’ என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் அதைத் தவறு என்றார்கள். ‘முடித்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’தானே சரி? – வாசகி, விருதுநகர்.

பதில்: ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்’ என்று நிறுத்தியிருந்தால் சரி. ‘ஐ கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2019’ என்று எழுதியிருந்தாலும் சரி. இரண்டையும் சேர்த்ததுதான் பிழை. என்னிடம் திருத்தக் கேட்டு வரும் விண்ணப்பங்களில் நான் அதிகம் அடிப்பது இந்த ‘ஹேவ்’வைத்தான். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இந்த ஒரு சொல்லால் முதல் வரியிலேயே தடுமாறுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’ வடிவத்துக்கு இலக்கணத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். அந்தப் பெயரிலேயே நிகழ்காலம் இருக்கிறது. நடந்தது முன்பு, பேச்சோ இன்றைய நிலையைப் பற்றியது. 1948 ஜனவரி 30 இரவு, காந்தியடிகள் சுடப்பட்ட சில மணி நேரத்தில், நேரு வானொலியில் பேசியதை நினைத்துப் பாருங்கள்: ‘தி லைட் ஹேஸ் கான் அவுட் ஆஃப் அவர் லைவ்ஸ், அண்ட் தேர் இஸ் டார்க்னெஸ் எவ்ரிவேர்.’ ஒளி அணைந்துவிட்டது என்பதற்கு ‘ஹேஸ் கான்’. அடுத்த நொடியே, எங்கும் இருள் என்பதற்கு ‘இஸ்’. முதல் வினையின் விளைவு இரண்டாவது வினையில், நிகழ்காலத்தில், கண்முன் நிற்கிறது. அதே நிகழ்ச்சியை வரலாற்றுப் பாடத்தில் எழுதும்போது ‘காந்தி டைட் இன் 1948’ என்றுதான் எழுத வேண்டும். ஆண்டு வந்துவிட்டது, ஆகவே அது முடிந்துபோன காலம். அங்கே ‘ஹேஸ்’ நுழைய முடியாது.

நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை? தமிழில் இந்தத் தடை இல்லை. காலையில் ஈரமான முற்றத்தைப் பார்த்து ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். ‘நேற்று’ம் ‘இருக்கிறது’ம் ஒரே வாக்கியத்தில் அழகாக நிற்கின்றன. நம் ‘இருக்கிறது’ பல சமயம் ஓர் ஊகத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று மாற்றினால் ஆங்கிலம் ஏற்காது. ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று சொல்லலாம். ஊகம் தொனிக்க வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. (மஸ்ட் போன்ற துணைவினைக்குப் பின்னால் வரும் ‘ஹேவ்’வுக்கு நான் சொல்லும் தடை கிடையாது.)

எழுதி முடித்ததும் வாக்கியத்தில் ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘அகோ’, ‘இன் 2019’ போன்ற முடிந்த காலச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ‘ஹேவ்’வை எடுத்துவிடுங்கள். கேள்வியிலும் இதே கதைதான்: ‘வென் ஹேவ் யூ கம்?’ என்று கேட்கக் கூடாது, ‘வென் டிட் யூ கம்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ – இதில் என்ன குறை? – வாசகர், ஓசூர்.

பதில்: இரண்டு குறைகள். ‘பத்து வருடமாக வேலை செய்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். அடுத்தது, ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளிக்கு உரியது. கால அளவுக்கு ‘ஃபார்’. ஆக, ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’, அல்லது ‘சின்ஸ் 2015’. ‘ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ என்று சொல்வது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வழக்கம். சரியா? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: ‘ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே’ என்பதே போதும். தமிழில் ‘போயிருந்தேன்’ என்றால் போய்த் திரும்பியும் வந்தாயிற்று என்பது அடக்கம். ஆங்கிலத்தின் ‘ஹேட் கான்’ அப்படித் தனித்து நிற்காது. இறந்தகாலத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருந்து, அதற்கும் முன்னால் நடந்தது இது என்று காட்டவே பாஸ்ட் பெர்ஃபெக்ட். நீங்கள் ‘ஹேட் கான்’ என்றதும் கேட்பவர், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று காத்திருப்பார்.

நம் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: ‘தி பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் தி டாக்டர் கேம்.’ இலக்கணப்படி சரிதான். ஆனால் பாடம் நடத்த இது நல்ல எடுத்துக்காட்டு அல்ல என்பது என் உறுதியான கருத்து. எது முந்தி, எது பிந்தி என்பதை ‘பிஃபோர்’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. ‘ஹேட்’ இல்லாமல் ‘டைட் பிஃபோர்’ என்றாலும் பொருள் மாறாது. மாணவருக்கு ‘ஹேட்’ எதற்கு என்பதே விளங்காமல் போகிறது. ‘பிஃபோர்’ இருந்த இடத்தில் ‘வென்’ போட்டுப் பாருங்கள். ‘வென் தி டாக்டர் கேம், தி பேஷன்ட் ஹேட் டைட்’ – மருத்துவர் வந்தபோது நோயாளி உயிரோடு இல்லை. ‘வென் தி டாக்டர் கேம், தி பேஷன்ட் டைட்’ – மருத்துவர் வந்தார், அதன்பின் உயிர் பிரிந்தது. ஒரு ‘ஹேட்’ நிகழ்ச்சிகளின் வரிசையையே மாற்றிவிடுகிறது. விசாரணை அறிக்கையிலோ நீதிமன்ற வாக்குமூலத்திலோ இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது! ஆசிரியர்கள் இந்த இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி ‘டிட் யூ ஈட் யெட்?’ என்கிறாள். நான் படித்தது ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ யார் சொல்வது சரி? – வாசகி, கும்பகோணம்.

பதில்: இருவர் சொல்வதும் சரி, அம்மா. ‘யெட்’, ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’ வரும் இடங்களில் அமெரிக்கர்கள் ‘ஹேவ்’ இல்லாத சாதாரண இறந்தகாலத்தை, அதாவது சிம்பிள் பாஸ்டைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ்’ விரும்பப்படுகிறது. நம் ஊர்த் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் உங்கள் வழியிலேயே போகட்டும்.

கேள்வி: ‘வில் ஹேவ்’ வரும் ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் அன்றாடப் பேச்சில் பயன்படுமா? – வாசகர், நாகர்கோவில்.

பதில்: நன்றாகவே பயன்படும். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. ‘பத்து மணிக்குள் முடித்திருப்பேன்’ என்பது ‘ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை டென்’. ‘இந்நேரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்’ என்று நாம் ஊகித்துச் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வடிவம்தான்: ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நௌ.’ இங்கே மட்டும் தமிழில் நினைத்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாம். ‘பை’ என்ற சொல்லை விட்டுவிடாமல் இருந்தால் போதும்.