சாவி கொண்டு வருபவருக்கா, ஸ்பேனர் பிடித்தவருக்கா?

கார் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியைத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் சாவியைக் கொடுத்த ஊழியர் சற்றுத் தயங்கி நிற்கிறார் என்றும், அவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா, கொடுக்காவிட்டால் அடுத்த முறை வேலையில் குறை வைப்பார்களா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கட்டாயம் எதுவும் இல்லை. பில்லில் லேபர் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்வதால், ஆயிரம் ரூபாய் கூலிக்கு நீங்கள் 1,180 ரூபாய் கட்டுகிறீர்கள். ஆனால் அந்த ஆயிரம் அப்படியே மெக்கானிக்கின் கைக்குப் போவதில்லை. அது டீலரின் வருமானம். மெக்கானிக்குக்குக் கிடைப்பது மாதச் சம்பளமும், சில இடங்களில் முடித்த வேலைக்கேற்ற ஊக்கத்தொகையும்தான். ஆகவே, விருப்பப்பட்டுக் கொடுக்கும் நூறு ரூபாய் அவருக்கு உண்மையாகவே உதவும்.

அது அவரிடம் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாவியைக் கொண்டு வருபவர் பெரும்பாலும் உங்கள் வண்டியில் கை வைத்தவராக இருக்கமாட்டார். வண்டியை வாங்கிக்கொண்டு குறைகளைக் கேட்கும் சர்வீஸ் அட்வைசர், செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து ஜாப் கார்டு போட்டதும் வண்டி உள்ளே போகிறது. அங்கே ஒரு மெக்கானிக்கும் உதவியாளரும் அதை லிஃப்டில் ஏற்றி, சூடு ஆறாத பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, சக்கரங்களைக் கழற்றி பிரேக்கைச் சுத்தம் செய்கிறார்கள். அதன்பின் வாட்டர் வாஷ். கடைசியில் ஓட்டுநர் ஒருவர் வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்துகிறார். வாசலில் நீட்டும் பணம் அவரோடு நின்றுவிடும், ஆயில் வடித்த கைக்குப் போகாது. அவருக்கும் டீ காசு கொடுப்பதில் தவறில்லை. மெக்கானிக்குக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊழியர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கும் சென்டர்களும் உண்டு. அங்கே கேமரா முன்னால் நீங்கள் திணிக்கும் நோட்டு அவருடைய வேலைக்கே உலை வைக்கலாம்.

குறை வைப்பார்களோ என்ற பயம் பெரிய சென்டர்களில் தேவையற்றது. அடுத்த சர்வீஸில் உங்கள் கார் எந்த மெக்கானிக்கிடம் போகும் என்பது அன்று யார் கை காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. போன முறை கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று எவரும் கணக்கு வைத்திருப்பதில்லை. வண்டியை விடும்போதே ஐநூறு ரூபாயைக் கையில் வைத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. செய்யாத வேலைக்கு அது அன்பளிப்பு ஆகாது.

கொடுப்பதாக இருந்தால் வண்டியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும்; மேல் குறியைத் தாண்டி நின்றாலும் கோளாறுதான். பெட்ரோல் காரில் புது ஆயில் தேன் நிறத்தில் தெரியும். டீசல் காரில் அது சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால், நிறத்தைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள் (போனவர்களைப் பார்த்திருக்கிறேன்). கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள்.

பில் போடாமல் முடித்துத் தருகிறேன், எனக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள் என்று யாராவது சொன்னால் அதை டிப்ஸ் கணக்கில் சேர்க்கக் கூடாது. உதாரணமாக, அப்படி பில் இல்லாமல் வயரை வெட்டி ஒட்டிப் பொருத்திய ஹாரனால் பின்னாளில் மின்கோளாறு வந்தால் வாரண்டி கேட்பது சிக்கலாகிவிடும். வேலை நடந்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

தெருமுனை மெக்கானிக் ஷெட் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே கூலியைச் சொல்பவரே முதலாளி. அவருக்குத் தனியாக டிப்ஸ் தேவையில்லை, பேரம் பேசாமல் கொடுத்தாலே போதும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டுக் கழற்றும் உதவியாளருக்கு ஐம்பதோ நூறோ கொடுக்கலாம். ஆயுத பூஜையன்று ஸ்பேனர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி கொடுக்கும்போது, வழக்கமாக வருபவர்கள் ஷெட்டில் உள்ள எல்லோருக்குமாக ஒரு தொகை வைப்பது நெடுநாள் வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை அப்படிக் கொடுப்பதே எனக்குப் பிடித்த முறை.

உங்கள் சென்டரைப் பொறுத்தவரை, அடுத்த முறை அட்வைசரிடம் வேலை பார்த்த மெக்கானிக்கின் பெயரைக் கேளுங்கள். அனுமதி இருந்தால் அவரை வரவழைத்து எல்லோர் முன்னிலையிலும் நூறு அல்லது இருநூறு ரூபாய் கொடுக்கலாம். அனுமதி இல்லையென்றால், சில நாள் கழித்துத் திருப்தியா என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்பில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள்.