வண்டி குறைவு, நெரிசல் அதிகம்: சாலையில் எதை எண்ண வேண்டும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய இருவழிச் சாலையில் நாளொன்றுக்குச் சராசரியாக 14,000 வாகனங்கள் ஓடுவதாக நிர்வாகத்தின் பதிவு சொல்கிறது. பக்கத்து நான்குவழிச் சாலையில் 52,000. ஆனால் காலையில் சிக்னலில் காத்துக் கிடப்பது நாங்கள்தான். அங்கே வண்டிகள் தடையில்லாமல் போகின்றன. மனு கொடுத்தால் "உங்கள் சாலையில் போக்குவரத்து குறைவு" என்கிறார்கள். நாங்களே கணக்கெடுக்கலாமா? எதை அளப்பது?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் மறுபடியும் வண்டிகளை மட்டும் எண்ணினால் அவர்கள் சொன்ன அதே எண்தான் உங்களுக்கும் வரும். 14,000 என்பது தவறான எண் அல்ல. நெரிசலைப் பற்றி அது எதுவும் சொல்லாது, அவ்வளவுதான்.

ஆண்டுச் சராசரி நாள் போக்குவரத்து என்பது ஆண்டு முழுவதும் ஓடிய வண்டிகளை 365-ஆல் வகுத்து வருவது. நள்ளிரவும் ஞாயிறும் அதில் சேர்த்தி. உச்ச மணி நேரத்தில் நாள் மொத்தத்தில் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் ஓடும். உங்கள் சாலையில் 10 சதவீதம் என்று கொண்டால் 1,400. காலையில் ஒரு திசை கனக்கும். 60க்கு 40 என்று பிரிந்தால் அந்தத் திசையில் 840. இனி சிக்னலுக்கு வாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு தடத்தில், பச்சை விடாமல் எரிந்தால், மணிக்கு ஏறக்குறைய 1,900 கார்கள் கடக்கும். 90 வினாடிச் சுற்றில் உங்களுக்குப் பச்சை 35 வினாடி என்றால் 1,900 × 35 ÷ 90, அதாவது சுமார் 740. வருவது 840, போக முடிவது 740.

அந்த நான்குவழிச் சாலையில் 52,000-இல் 9 சதவீதம் 4,680. கனத்த திசைக்கு 55 சதவீதம் போட்டால் ஏறக்குறைய 2,575. சிக்னல் இல்லாத சாலையில் ஒரு தடம் மணிக்கு 2,000 வண்டிகளுக்கு மேல் தாங்கும், ஒரு திசைக்கு இரண்டு தடம். பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பியிருக்கிறது. சாலையின் கொள்ளளவை முடிவு செய்வது அதன் மிகக் குறுகிய இடம். பெரும்பாலும் அது ஒரு சந்திப்பு.

எண்ணிக்கை ஏமாற்றும் இன்னொரு வழியும் உண்டு. ஓட்டம், அதாவது ஓரிடத்தை மணிக்குக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை, அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கிலோமீட்டருக்கு 20 வண்டிகள் 60 கி.மீ. வேகத்தில் போனாலும் மணிக்கு 1,200. 80 வண்டிகள் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் மணிக்கு 1,200. தாளில் இரண்டும் ஒன்றே. வேகத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவை அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1935-லேயே அளந்து காட்டிவிட்டார். இன்றும் எண்ணிக்கையை மட்டும் வைத்து "குறைவு" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். எண்ணும் கருவியைத் தேங்கிய வரிசையின் நடுவில் வைத்தால் அது பதிவது உங்கள் தேவையை அல்ல, சிக்னல் வெளியே விடும் அளவை.

ஆகவே இரண்டு இடங்களில் ஆள் நிறுத்துங்கள். ஒருவர் சிக்னலின் நிறுத்தக் கோட்டில், இன்னொருவர் வரிசையின் வால் எட்டாத தூரத்தில். முதல் நாள் சும்மா போய் வால் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு 200 மீட்டராவது பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கைப்பேசிக் கடிகாரங்களின் நேரம் ஒத்திருக்க வேண்டும். இடையில் கிளைத்தெரு இருந்தால் அங்கே நுழைவதையும் வெளியேறுவதையும் எண்ண மூன்றாவது ஆள் கட்டாயம். இதை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் உதிர்ந்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் குறியுங்கள். வரிசை உருவாக அரை மணி முன்பே தொடங்கி, முற்றும் கலைந்து அரை மணி ஆகும்வரை எண்ண வேண்டும். பலர் உச்ச நேரம் முடிந்ததும் தாளை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், நெரிசல் கலைய எடுக்கும் நேரம்தான் முக்கியமான சான்று.

ஒரு மாதிரிக் கணக்கு: பின்னால் நிற்பவர் தாளில் நான்கு கட்டங்களில் 180, 230, 245, 185 வண்டிகள், மொத்தம் 840. சிக்னல் 15 நிமிடத்துக்கு 185-க்கு மேல் விடாது. முதல் கட்டத்தில் தேக்கம் இல்லை. இரண்டாவதில் 45 தங்கும். மூன்றாவதில் மேலும் 60 சேர்ந்து 105. நான்காவதில் வந்ததும் போனதும் சமம். 105 அப்படியே நிற்கும். வண்டிக்கு 7 மீட்டர் வைத்தால் வரிசை 735 மீட்டர். கடைசியில் நிற்பவர் கோட்டைத் தாண்ட எட்டரை நிமிடம். அதன்பின் வரத்து கட்டத்துக்கு 150 ஆகக் குறைந்தாலும், 35 35 ஆகக் கரைந்து தேக்கம் தீர இன்னும் 45 நிமிடம். கோட்டில் நின்றவர் தாளைப் பாருங்கள்: 180, அதன்பின் தொடர்ந்து 185, 185, 185. இப்படி ஓட்டம் ஒரே அளவில் தட்டையாக நின்றால் அங்கே கொள்ளளவு நிரம்பிவிட்டது என்று பொருள். இதைப் பார்த்து "உச்சமே இல்லை, சீரான போக்குவரத்து" என்று எழுதிய அறிக்கைகளும் உண்டு.

நாள் தேர்வு: செவ்வாய், புதன், வியாழன். பள்ளி விடுமுறை, மழை, அருகில் சாலைப்பணி இருந்தால் ஒத்திப்போடுங்கள். ஒரு நாள் போதாது. மூன்று நாள் எடுத்தால் வாதம் நிற்கும். ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எண்ணினால் தவறு கூடும். பைக், கார், பேருந்து, லாரி என்று தனித்தனிக் கோடு போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் காருக்கு ஈடாக மாற்ற வேண்டும். கனரக வண்டியை இரண்டு, மூன்று கார்களாகவும் பைக்கை அரைக் காருக்குப் பக்கத்திலும் எடுப்பது பொது வழக்கம். ஒவ்வொரு நாட்டின் கையேடும் தன் எண்களைத் தருகிறது, உங்கள் நிர்வாகம் பயன்படுத்தும் கையேட்டையே எடுங்கள்.

நிர்வாகத்தின் கருவியையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். சாலைக்குக் குறுக்கே போடும் ரப்பர் குழாய் வண்டியை எண்ணுவதில்லை, அச்சை எண்ணுகிறது. இரண்டு அச்சு ஒரு வண்டி என்று வகுத்தால் பல அச்சு லாரி ஒன்றுக்கு மேல் ஆகிவிடும். ஊர்ந்து போகும் வரிசையிலும், சக்கரம் குழாய் மேலேயே நின்றுவிட்டாலும் அதன் கணக்கு கெடும். அது நிறுத்தக் கோட்டுக்கு அருகே இருந்தால் அந்தத் தரவை நம்ப வேண்டாம். கைப்பேசி வரைபடத்தின் சிவப்பு, பச்சை நிறங்களும் எண்ணிக்கை அல்ல. அந்த நேரத்து வேகத்தைத்தான் காட்டுகின்றன. வால் எங்கே முடிகிறது என்று தோராயமாக அறிய அது உதவும், மனுவில் சான்றாக வைக்க உதவாது.

இன்னும் ஓர் அளவு தேவை, அதற்கு ஐந்து நிமிடம் போதும். பச்சை விழுந்ததும் வரிசையின் 4-வது வண்டி கோட்டைத் தாண்டும் நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, 12-வது தாண்டும்போது நிறுத்துங்கள். அதை எட்டால் வகுத்தால் ஒரு வண்டிக்கான இடைவெளி. 1.9 வினாடி வந்தால் தடம் நன்றாக இயங்குகிறது. 2.2 வந்தால் மணிக்கு 1,640 மட்டுமே. அதே 35 வினாடிப் பச்சையில் போவது 740 அல்ல, சுமார் 640. பத்துச் சுற்றாவது எடுத்துச் சராசரி பாருங்கள். இடைவெளி நீண்டால் காரணம் கண்முன்னே இருக்கும்: கோட்டை ஒட்டி நிறுத்திய கார், நெருக்கத்தில் பேருந்து நிறுத்தம், எதிர்த்திசையைக் குறுக்கிட்டுத் திரும்பக் காத்திருக்கும் ஒரே வண்டி பின்னால் அத்தனை பேரையும் மறிப்பது. இவற்றுக்குத் தீர்வு சிக்னலில் இல்லை. நிறுத்தத் தடை போடுவதும் பேருந்து நிறுத்தத்தைத் தள்ளி வைப்பதும்தான் வழி.

இடைவெளி சரியாக இருந்து பச்சைதான் போதவில்லை என்றால், 5 வினாடி கூடுதலாகக் கேளுங்கள். 40 வினாடியில் கொள்ளளவு ஏறக்குறைய 844, கட்டத்துக்கு 211. அதே வரத்துக்குத் தேக்கம் 105-இலிருந்து 53-ஆக இறங்கும்; 45 நிமிடம் எடுத்தது ஏழு நிமிடத்துக்குள் தீரும். சிறு மாற்றத்துக்கு இவ்வளவு பலன் கிடைப்பது கொள்ளளவின் விளிம்பில் இருக்கும் சந்திப்புகளில் மட்டும்தான். அந்த 5 வினாடியை இழக்கும் குறுக்குச் சாலையிலும் ஒரு நாள் எண்ணி, அங்கே இடமிருக்கிறது என்று காட்டினால் பொறியாளருக்கு மறுக்கக் காரணம் குறையும்.

பச்சை நேரம் மாறியபின் உடனே எண்ணாமல் சில வாரம் பொறுத்து எண்ணுங்கள். சுற்றுவழியில் போனவர்களும் நேரத்தை முன்னே பின்னே தள்ளி வைத்தவர்களும் திரும்பி வருவார்கள். நகர விரைவுச்சாலைகளைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தணி டவுன்ஸ் 1962-இல் எழுதியது இதைத்தான். அடுத்த சந்திப்பையும் கவனியுங்கள். இதுவரை உங்கள் சிக்னல் தடுத்து வைத்திருந்த ஓட்டம் இனி அங்கே போய்ச் சேரும். அங்கேயும் கட்டங்கள் தட்டையாக வந்தால், அடுத்த மனு அந்தச் சந்திப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும்.