பதில்: மூளைக்காய்ச்சல் ஆறி வந்த தம்பி ஆளே மாறிவிட்டான்

வணக்கம் சகோதரி. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு 21 நாள் அசைக்ளோவிர் (வைரஸ் கிருமிக்கான மருந்து) ஏற்றி, மலேசியாவில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்த தம்பி, ஒரு மாதம் கழித்து தூக்கமில்லாமல் யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறான், வாயைக் கோணுகிறான் என்கிறீர்கள். அத்தை மந்திரிக்கச் சொல்கிறார், கிளினிக்கில் மனஅழுத்தம் என்கிறார்கள். இரண்டையும் ஓரமாக வையுங்கள். காய்ச்சலுக்குப் பின் உடம்பே மூளையைத் தாக்குவதாக இருக்கலாம்.

கிருமி மூளைச் செல்களை உடைக்கும்போது உள்ளே இருக்கும் புரதங்கள் வெளிப்படும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவற்றையே எதிரியாக நினைத்துத் தாக்கலாம். பெரும்பாலும் என்எம்டிஏ ஏற்பிகள்தான் (மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி வாங்க உதவும் புரதங்கள்) அடி வாங்கும். 2018-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வொன்றில், ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்த 51 பேரில் 14 பேருக்குப் பிறகு இப்படி ஆனது. அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்றே பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தாலோ மயங்கினாலோ அவசர எண் 999-ஐ அழையுங்கள். பழைய டிஸ்சார்ஜ் கடிதத்தைக் காட்டி, நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். முதுகுத்தண்டு நீரை மறுபடி எடுத்து, கிருமி திரும்பியதா என்பதோடு அந்த ஏற்பிகளைத் தாக்கும் என்எம்டிஏ எதிர்ப்பொருளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் தவறிப்போகலாம். ஸ்கேனை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. பழைய தழும்பு மட்டுமே அதில் தெரியலாம். உறுதியானால், இந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகளைத் தொடங்குவார்கள். சீக்கிரம் தொடங்குவது நல்லது.

அப்புறம், வாய் கோணுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். டாக்டர் வரும் நேரம் பார்த்து அது நின்றுவிடும்.